செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா?

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வருவது (இதற்குப் பெயர்தான் கன்சென்சஸ்) எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கம்பெனி டேட்டாபேஸுக்கு இரண்டு சர்வர் வைத்திருக்கிறோம். ஒன்று போனால் மற்றது ஓடும். புதிதாக வந்த பையன் மூன்றாவதும் வேண்டும் என்கிறான். வீண் செலவுதானே?
— வாசகர், ஈரோடு

இல்லை. பையனுக்குச் சம்பளத்தை ஏற்றிக் கொடுங்கள்.

இரண்டு சர்வருக்கும் நடுவே போகிற கேபிள் மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் 'அவன் போய்விட்டான், இனி நான்தான் முதலாளி' என்று இரண்டுமே நினைத்துக்கொள்ளும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இது அப்படியே நடந்தது. ஒரே பில் நம்பர், இரண்டு வேறு வாடிக்கையாளர், இரண்டு வேறு தொகை. அக்கவுண்ட்ஸ் அக்கா இரண்டு பிரிண்டையும் என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்று சர்வர் இருந்து, மூன்றில் இரண்டு சம்மதித்தால்தான் எதையும் எழுதலாம் என்று வைத்துவிட்டால் இந்தக் கூத்து நடக்காது. தனியாக மாட்டிக்கொண்ட ஒன்று தன்னிடம் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு தனித்தனிப் பெரும்பான்மைகளை எப்படிப் பொறுக்கி எடுத்தாலும் இரண்டிலும் இருக்கிற ஒரு சர்வராவது வந்தே தீரும், நேற்று எடுத்த முடிவை இன்றைக்குச் சொல்ல அந்த ஓர் ஆள் போதும். நான்கு வாங்கிவிடாதீர்கள். நான்கில் பெரும்பான்மை மூன்று, அதனால் அப்போதும் ஒன்று போகலாம், அவ்வளவுதான். இரண்டு போனாலும் ஓட வேண்டும் என்றால் ஐந்து. இன்னொன்று, பல டேட்டாபேஸ்களில் ஓட்டுப் போட மட்டும் ஒரு சின்ன இயந்திரம் போதும், மூன்றாவதற்கும் அதே விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு இயந்திரம் பழுதானாலே கன்சென்சஸ் சாத்தியமில்லை என்று 1985-லேயே நிரூபித்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் இதெல்லாம் எப்படி ஓடுகிறது?
— கல்லூரி மாணவி, மதுரை

ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் நிரூபித்தது அது. ஆனால் பாதி வாக்கியத்தைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு எந்த வரம்பும் இல்லாத நெட்வொர்க்கில், ஒன்று செத்தாலும் மற்றவை எப்படியும் முடிவுக்கு வந்தே தீரும் என்கிற உத்தரவாதத்தை எந்த வழிமுறையாலும் (பகடை உருட்டாத வழிமுறை என்று சேர்த்துக்கொள்ளுங்கள்) தர முடியாது என்பதுதான் முழு வாக்கியம். முடிவே வராது என்று அவர்கள் சொல்லவில்லை.

காரணம் ரொம்ப எளிமை. பதில் வரவில்லை. செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

நடைமுறையில் ஒரு கெடு வைத்துவிடுகிறோம். ராஃப்ட் என்கிற கன்சென்சஸ் முறையில் ஒரு சர்வர் லீடர், அதாவது தலைவர். அது 'இருக்கேன், இருக்கேன்' என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் மற்றவை கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுத் தேர்தலை அறிவிக்கும். அந்தப் பொறுமையின் அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, 150-லிருந்து 300 மில்லி விநாடிக்குள் ஏதோ ஒன்று என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து 'எனக்கு ஓட்டுப் போடு' என்று கத்தினால் ஓட்டு சிதறிவிடும் அல்லவா, அதனால்தான். அப்புறம், பழைய லீடர் சாகவில்லை, சும்மா கண்ணயர்ந்திருந்தது என்றால்? ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏறிக்கொண்டே போகிற ஓர் எண் உண்டு. பழைய லீடர் 7-வது ஆட்சியின் உத்தரவோடு வரும்போது மற்றவை 8-ல் இருக்கும். உத்தரவு செல்லாது, 8 என்று கேட்டதுமே பழையது பதவியை விட்டு இறங்கிவிடும்.

கேள்வி: புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் 2018-ல் ஒரு நாள் முழுக்கத் தள்ளாடியதே, அவர்களிடமும் ராஃப்ட் இருந்ததாமே. அப்புறம் என்ன பிரயோஜனம்?
— வாசகர், கோவை

நல்ல கேள்வி, கொஞ்சம் குத்தலான கேள்வியும்கூட.

2018 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதாகிக்கொண்டிருந்த ஒரு 100 ஜிகாபிட் ஆப்டிகல் கருவியை மாற்றுகிறார்கள், வழக்கமான வேலை. அதில் அங்கிருந்த முக்கிய டேட்டா சென்டருக்கான இணைப்பு 43 விநாடி அறுந்தது. டேட்டாபேஸ்களில் யார் தலைமை என்று பார்த்துக்கொள்ளும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் அவர்களிடம் இருந்தது, ராஃப்ட் அதற்குள்தான். மேற்குக் கரையில் இருந்த அதன் பிரதிகளும் கிழக்கில் கிளவுடில் இருந்தவையும் கூடிப் பார்த்தன, பெரும்பான்மை இருந்தது, தலைமையை மேற்குக்கு மாற்றிவிட்டன. விதிப்படி எல்லாம் சரி.

ஆனால் இணைப்பு அறுவதற்கு முன் கிழக்கில் எழுதப்பட்ட கொஞ்சம் டேட்டா மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் பிரதிகளுக்குப் புதுப் பதிவுகள் பின்னாலேயே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தன, யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. இணைப்பு திரும்பியபோது இதில் இருப்பது அதில் இல்லை, அதில் இருப்பது இதில் இல்லை. பரபரப்பான ஒரு டேட்டாபேஸ் குழுவில் மட்டும் அப்படி மாட்டிக்கொண்டவை 954 பதிவுகள். அதற்குள் மேற்கில் புதுப் பதிவுகள் சேர்ந்துகொண்டே இருந்தன, திரும்பக் கிழக்குக்கே மாறிவிடலாம் என்றால் அதெல்லாம் போய்விடும். டேட்டாதான் முக்கியம், தளம் மெதுவாக இருந்தால் இருக்கட்டும் என்று முடிவெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது.

யார் தலைவர் என்பதில் மட்டும்தான் அங்கே கன்சென்சஸ் இருந்தது, கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியிலும் இல்லை. நாற்காலிக்கு ஓட்டு நடந்தது, பேரேட்டுக்கு நடக்கவில்லை. இத்தனைக்கும் பதிவு ஒவ்வொன்றுக்கும் கரைக்குக் கரை சம்மதம் கேட்டிருந்தால் எல்லாமே மெதுவாகியிருக்கும் என்பதும் உண்மை, அதனால் அவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பொய்ச் செய்தி சொல்லும் கம்ப்யூட்டர் சிக்கலுக்கு 'பைசாண்டைன்' என்று பெயர் ஏன்? கான்ஸ்டான்டிநோபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்

ஒரு சம்பந்தமும் இல்லை, ஐயா. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982-ல் எழுதிய கட்டுரையில் ஒரு நகரத்தை முற்றுகையிட்ட தளபதிகளில் சிலர் துரோகிகள் என்று கதை வரும். முதலில் அல்பேனியத் தளபதிகள் என்று வைக்க லாம்போர்ட் நினைத்திருக்கிறார். அல்பேனியாவுக்கு வெளியேயும் அல்பேனியர்கள் இருக்கிறார்களே என்று சக ஊழியர் ஒருவர் சுட்டிக்காட்டவும், கோபித்துக்கொள்ள ஆளில்லாத பேரரசாகப் பார்த்து பைசாண்டைன் என்று மாற்றிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பொய் சொல்பவன் ஒருவன் இருந்தால் மூன்று பேர் போதாது. தளபதி உங்களிடம் 'தாக்கு' என்கிறார், உங்கள் நண்பரோ 'என்னிடம் பின்வாங்கு என்றாரே' என்கிறார். பொய் சொல்வது தளபதியா நண்பரா? உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. நான்கு பேர் வேண்டும், இரண்டு பொய்யருக்கு ஏழு. இந்த ஆராய்ச்சி தொடங்கியதே நாசா பணத்தில், விமானத்தை ஓட்டும் கம்ப்யூட்டர்களுக்காக.

ராஃப்ட் பொய்யர்களைத் தாங்காது, செத்தவர்களைத்தான் தாங்கும். பாதி செத்தவர்களிடமும் திணறும். 2020 நவம்பரில் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் முழுசாகச் சாகாமல் அரைகுறையாக நின்றது. ராஃப்டில் ஓடிய மூன்று சர்வர் குழுவில் ஒன்றுக்கு லீடர் தெரியவில்லை, நடுவில் இருந்ததற்கோ இரண்டுமே தெரிந்தன. தெரியாதது தேர்தல் மேல் தேர்தல் அறிவித்துக்கொண்டே இருந்தது, தேர்தல் நடக்கும்போது எழுத முடியாது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் டேஷ்போர்டும் ஏபிஐயும் (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்) 6 மணி 33 நிமிடம் அல்லாடின. அந்த ஸ்விட்ச் முழுசாகச் செத்திருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது.

கேள்வி: வேலைக்கு இன்டர்வியூ. பாக்ஸோஸ் படிக்கவா, ராஃப்ட் படிக்கவா?
— வாசகர், திருச்சி

ராஃப்ட். 2014-ல் ஓங்காரோவும் அவுஸ்டர்ஹவுட்டும் புரிய வேண்டும் என்பதற்காகவே எழுதியது. பாக்ஸோஸும் அதே வேலைக்கான முறைதான், ஆனால் பழையது. அதை லாம்போர்ட் ஒரு கிரேக்கத் தீவின் பழங்கால நாடாளுமன்றக் கதையாக எழுதி 1990-ல் அனுப்பினார், அச்சேறியது 1998-ல். தாளில் ஐந்து வட்டம் போட்டு, இரண்டை அடித்துவிட்டு, மிச்சம் மூன்றும் என்ன பேசிக்கொள்ளும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள், அப்புறம் மூன்றாவதையும் அடியுங்கள்.