தத்துவ ஆலோசனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தத்துவ ஆலோசனை என்பது என்ன? எப்போது தோன்றியது?

பதில்: ஒருவரை அலைக்கழிக்கும் வாழ்க்கைச் சிக்கலுக்குள் பொதிந்திருக்கும் நம்பிக்கைகளையும், அவர் ஆளும் சொற்களின் பொருளையும், தத்துவப் பயிற்சி உள்ள ஒருவருடன் உரையாடிச் சோதித்துப் பார்ப்பது. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ட் ஆக்கன்பாக் 1981இல் இதனை ஒரு தொழிலாகத் தொடங்கினார். மறு ஆண்டே அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. வேர் மிகப் பழையது: மனிதத் துன்பத்தை ஆற்றாத தத்துவம் வீண் என்றே பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் கருதினார்.

கேள்வி: இரண்டு மாதங்களாக உறக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை. வாழ்வின் பொருளைப் பற்றிப் பேசினால் தீருமா?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்பவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பொருள் பற்றிய உரையாடல் பிறகு நடக்கட்டும்.

கேள்வி: இது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இட்ட வேறு பெயர்தானே?

பதில்: உறவு உண்டு. மனத்தை வருத்தும் எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்ற முயலும் உளச்சிகிச்சை அது. நிகழ்வுகள் அல்ல, அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகளே நம்மைக் கலக்குகின்றன என்ற பண்டைய தத்துவஞானி எபிக்டெட்டஸின் கருத்துக்குத் தாம் கடன்பட்டிருப்பதை, அச்சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். ஆனால் நோக்கம் வேறு. நண்பருக்குக் கொடுத்த வாக்கை மீறிய ஒருவர் குற்றவுணர்வால் வாடுகிறார் என்று கொள்வோம். அந்த உணர்வைத் தணிப்பதற்கு முன், அது நியாயமானதா என்று நான் கேட்பேன். நியாயமானது என்றால் அது தணிக்க வேண்டிய அறிகுறி அன்று. அவர் செய்ய வேண்டியது பரிகாரம்.

அதே வாசகர்: சிகிச்சையாளரும் எண்ணம் உண்மையா என்றுதானே சோதிக்கிறார்?

பதில்: சோதிக்கிறார், நான் சற்று மிகைப்படுத்திவிட்டேன். இருந்தாலும், ‘எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்’ என்பதைச் சான்றுகளைக் கொண்டு சரிபார்க்கலாம். ‘சம்பாதிக்காதவனுக்கு மதிப்பில்லை’ என்பதை எந்தச் சான்றைக் கொண்டு சரிபார்ப்பது? மதிப்பு என்று எதைச் சொல்கிறோம், கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அது இல்லையா என்று வாதத்தின் வழியேதான் முன்னேற முடியும். இந்த இடத்தில்தான் தத்துவத்தின் வேலை தொடங்குகிறது.

அதே வாசகர்: அப்படியானால் ஆலோசகர் தம் கொள்கையைத் திணிப்பாரே?

பதில்: இந்த அபாயம் உண்மையானது, என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வதும் இதுதான். வகுத்து வைத்த ஒரே முறைக்குள் வந்தவரை அடக்குவதை ஆக்கன்பாக் ஏற்காததற்கு இத்தகைய அக்கறையே அடிப்படை. முதல் சந்திப்பிலேயே ஒரு தத்துவஞானியின் வரியை மருந்துச் சீட்டைப் போல நீட்டுபவரிடம் மறுமுறை செல்லாதீர்கள். உங்கள் மறுப்பைக் கேட்டுத் தம் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காதவரைத் தேடுங்கள்.

கேள்வி: எனக்கும் உறக்கமில்லை. எந்தத் தத்துவம் பொருந்தும்?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலே உங்களுக்கும். மருத்துவர்.

கேள்வி: மாத்திரைகளை நிறுத்திவிட்டு உங்கள் வழிக்கு வரலாமா?

பதில்: கூடாது. மருந்தைக் கொடுத்தவரைக் கேட்காமல் அளவைக்கூடக் குறைக்காதீர்கள். இதே கேள்வி பல வடிவங்களில் வந்திருக்கிறது. அனைவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: கனவுகளுக்குப் பொருள் சொல்வீர்களா?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: ஆலோசகர் கிடைக்காதவர் தனியாகச் செய்ய இயலுமா?

பதில்: ஓரளவு இயலும். உங்களை வருத்தும் எண்ணத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அது உண்மையாக இருக்க வேறு எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அதன் கீழே எழுதுங்கள். ‘நான் தோற்றுவிட்டேன்’ என்று எழுதிய ஒருவர், அதன் கீழே ‘முப்பது வயதுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்’ என்று எழுதினார். பிறகு நெடுநேரம் அந்த இரண்டாம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.