சின்ன வயதில் வாசித்த பழைய டிராம்போனைப் போலவே ஒன்றைத் தேடி வாங்கி, சரிசெய்து வாசிக்க முடியுமா? செலவு தகுமா?

முடியும். நான் செய்தேன். ஆனால் கருவிக்குக் கொடுத்த காசைவிட ஸ்லைடை, அதாவது இந்த ஊதுகருவியில் முன்னும் பின்னும் இழுத்து ஸ்வரம் மாற்றும் குழாயை, சரிசெய்யக் கொடுத்த காசு அதிகம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிராம்போன் என்றால் ஸ்லைடுதான். பெல் (சத்தம் வெளியே வரும் புனல் வாய்) நசுங்கியிருக்கலாம், வெள்ளி முலாம் உரிந்திருக்கலாம், பெட்டி கரையான் அரித்ததாகக்கூட இருக்கலாம். ஸ்லைடு கெட்டிருந்தால் மட்டும் அது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

நான் கற்றுக்கொண்டது நாகர்கோவில் பக்கம், இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பேண்டில், 1970-களின் கடைசியில். என் கையில் கொடுத்த டிராம்போன் என்னைவிட வயதில் மூத்தது. பெல்லில் சேனையின் முத்திரை, அதன் கீழே செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஊர்ப் பெயர். சேனை தன் பேண்டுகளுக்கான கருவிகளை இங்கிலாந்தில் தானே செய்துகொண்டது. 1901-இலிருந்து தொழிற்சாலை அந்த ஊரில்தான். 1972-இல் அது ‘பூசி அண்ட் ஹாக்ஸ்’ என்ற இசைக்கருவி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆக, அதே மாதிரி வேண்டுமென்றால் பழையதைத்தான் தேடியாக வேண்டும்.

ஸ்லைடுக்கு நாங்கள் பூசியது பாண்ட்ஸ் கோல்ட் கிரீம். சிரிக்காதீர்கள், வெளிநாட்டுக்காரர்களும் அந்தக் காலத்தில் அதைத்தான் பூசினார்கள். மெல்லியதாகத் தடவி, மேலே தண்ணீர் தெளித்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். அக்காவின் டப்பாவில் விரலால் வழித்துக்கொண்டு ஓடி, சாயங்காலம் திட்டு வாங்குவேன். ஸ்லைடைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டால் பேண்ட் மாஸ்டர் சொல்வார்: “மக்களே, அது கிணத்துக் கயிறு இல்ல. இழுக்காத, வழிய விடு.”

சரி, வாங்கின கதை. பர்மிங்காமில் இருக்கும் அண்ணன் மகள் இணைய ஏலத்தில் ஒன்றைப் பிடித்தாள். படத்தில் அவ்வளவு அழகு. “ஸ்லைடு நல்லா இருக்கான்னு கேளும்மா” என்றேன். “நகருதுன்னு சொல்றாங்க சித்தப்பா” என்றாள். நகர்ந்தது உண்மைதான், பழைய இரும்புக் கேட் நகர்கிற மாதிரி.

நீங்கள் இப்படி ஏமாற வேண்டாம். ஸ்லைடு வெளியே ஒரு ஜோடி, உள்ளே ஒரு ஜோடி என்று நான்கு குழாய்கள். உள்குழாய்களின் நுனியில் நான்கைந்து அங்குலம் மட்டும் சற்றுத் தடிமனாக இருக்கும், உரசுவது அங்கேதான். இடைவெளி ஒரு தலைமுடிக் கனம். வெளிக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத நசுங்கல் இருந்தாலும் பிடிக்கும். விற்பவரிடம், பெல்லைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்லைடைத் துடைத்து, கிரீம் போடாமல் செங்குத்தாகப் பிடித்து வெளிக்குழாயை மெல்ல விடச் சொல்லுங்கள், கீழே ஒரு கையை ஏந்தியபடி. அதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தானாக, ஒரே சீராக இறங்கினால் நல்லது. நடுவில் நின்றால் இன்னொரு சோதனை உண்டு. ஒரே ஒரு உள்குழாயை அதற்குரிய வெளிக்குழாயில் நுழைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. தனித்தனியாக ஓடி, சேர்த்துப் போட்டால் மாட்டிக்கொள்கிறது என்றால் குழாய்கள் இணையாக இல்லை, சீராக்கிவிடலாம். தனியாகப் போட்டாலே பிடித்தால் குழாய் வளைந்தோ நசுங்கியோ இருக்கிறது, வேலை அதிகம். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் தள்ளிவிடுங்கள். துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அது உள்ளிருந்து வெளியே வருகிற அரிப்பு, தேய்த்துப் போக்க முடியாது.

என்னுடையதில் இரண்டு குழாய்களும் சேர்ந்து ஓட மறுத்தன, கூடவே கீழே ஒரு நசுங்கலும். ஸ்லைடை அங்கேயே ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முடித்துத்தான் ஊருக்கு அனுப்பச் சொன்னேன். பெல்லின் ஒடுக்கை வடசேரியில் ஒரு பாத்திரப் பட்டறையில் எடுத்தோம். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு அடி எங்க இருக்கு?” என்று கேட்டார். மரச்சுத்தியலால் அரை மணி நேரம், வேலை சுத்தம். ஆனால் ஸ்லைடைப் பாத்திரப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், அதற்கென்று அளவெடுத்த உருளைக் கம்பிகள் வேண்டும். புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம், இடுக்கில் தங்கும் புளிப்பு பித்தளையை அரிக்கும். புது முலாமும் பூசவில்லை. பூசுவதற்கு முன் பழையதைத் தேய்த்து எடுப்பார்கள், அதோடு பொறித்த எழுத்தும் மங்கிப்போகும்.

எல்லாம் முடிந்து ஊதினால் சுருதி சேரவில்லை! இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது எல்லோரும் சுருதி சேர்க்கும் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். பிரிட்டிஷ் பேண்டுகளோ 1960-கள் வரை 452.5-இல் வாசித்தன, கருவிகளும் அதற்கே செய்யப்பட்டன. அரைத் தொனியில் பாதி தூக்கல். அன்று எங்கள் பேண்டில் எல்லாமே அந்தக் காலத்துக் கருவிகள், அதனால் தெரியவே இல்லை. கீபோர்டோடு உட்கார்ந்தால்தான் பல் கூசுகிறது. கணக்குப் போட்டேன். டிராம்போனின் மொத்த நீளம் சுமார் 2.7 மீட்டர், சுருதி இறங்க இன்னும் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வேண்டும். பின்னால் இருக்கும், சுருதி திருத்துவதற்கான டியூனிங் ஸ்லைடை 2 சென்டிமீட்டர் இழுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 4 கிடைக்கும். அதற்கு மேல் இழுத்தால் ஆடுகிறது. மிச்சத்தைக் கை ஸ்லைடில் எடுக்கிறேன், முழுசாக மூடியிருக்க வேண்டிய முதல் நிலையே கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வெளியே. கடைசியான, எல்லாவற்றையும்விட வெளியே இருக்கும் ஏழாவது நிலைக்குக் கை எட்டுவதில்லை. அந்த ஸ்வரம் வரும் இடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துவிடுகிறேன்.

வாங்கும் முன் ஒரு பி ஃபிளாட் ஸ்வரம் ஊதி, சுருதியை அளக்கும் டியூனர் ஆப்பில் காட்டச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேனா என்றால், வாங்கித்தான் இருப்பேன்.

போன ஞாயிறு கீபோர்டு வாசிக்கும் பையன் கேட்டான்: “மாமா, நீங்க ஸ்லைட முழுசா மூடவே மாட்டியளா?”

“மூடினா 1950-க்குப் போயிரும்டே” என்றேன்.