செலினாவின் ‘ஐ குட் ஃபால் இன் லவ்’ ஏன் ஹாட் 100 பட்டியலில் இல்லை?

1995-இல் அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்த அமெரிக்கப் பாடகி செலினாவின் பாட்டு, பில்போர்டு இதழின் முதன்மைப் பாடல் பட்டியலான ஹாட் 100-இல் மட்டும் எப்படி இல்லாமல் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டில் குறையில்லை, விதிதான் காரணம்.

அப்போது ஹாட் 100-இல் இடம்பெற, பாட்டு ‘சிங்கிள்’ ஆக, அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வாங்கக்கூடிய வெளியீடாக, கடைக்கு வந்திருக்க வேண்டும். கீத் தாமஸ் எழுதித் தயாரித்த இந்தக் காதல் மெலடியை இசை நிறுவனம் வானொலிகளுக்கு மட்டுமே கொடுத்தது. பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தையும் வாங்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் செய்த வேலைதான் (ரசிகர் பர்ஸுக்குத்தான் வேட்டு).

கணக்கு பலித்தது. ஜூலையில் வந்த ‘ட்ரீமிங் ஆஃப் யூ’ ஆல்பம் முதல் வாரமே ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் மார்ச் 31 அன்றே செலினா சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார், வயது 23. விற்பனைக்கு வியாபாரத் தந்திரத்தைவிட அந்தத் துயரமே பெரிய காரணம் என்பேன்.

வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கிடும் பட்டியலில் பாட்டு முதல் பத்துக்குள் வந்தது. ஆல்பத்தின் தலைப்புப் பாடலோ சிங்கிளாகவே விற்கப்பட்டதால் ஹாட் 100-இல் 22-ஆம் இடம் வரை ஏறியது. சிங்கிள் கட்டாயம் என்ற விதியை பில்போர்டு 1998 டிசம்பரில் கைவிட்டது.