கோடி நகரில் ரோடியோ: நண்பர்கள் பயணத்துக்கான கேள்வி பதில்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் கிழக்கே அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள கோடி நகரில் ரோடியோ (துள்ளும் குதிரை, காளை மேல் சவாரி செய்வது, கன்றைச் சுருக்குப் போட்டுப் பிடிப்பது போன்ற போட்டிகள்) பார்க்க நினைக்கும் நண்பர் குழுக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். அதே மாநிலத்தில் உள்ள செயென் நகரத்துப் பெரிய ரோடியோவுக்குப் போகலாம் என்று இருவரும், கோடிக்கே போகலாம் என்று மூவரும் சொல்கிறோம். எது நல்லது?

வீரர்களின் தரத்தை மட்டும் பார்த்தால் செயென்தான். 1897இல் தொடங்கிய அந்த விழா ஜூலை மாதக் கடைசியில் பத்து நாள் நடக்கிறது; பெரும் பரிசுத்தொகைக்காக முன்னணி வீரர்கள் வருகிறார்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் விடுதி அறைகளின் வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடும்; விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் கையில் இருக்கும் நுழைவுச்சீட்டும் வீண். கோடியிலோ ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ரோடியோ உண்டு. 1938 முதல் நடந்துவரும் வழக்கம் இது. இன்று தவறினால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி, ஐந்து பேர் சேர்ந்து போகும் பயணத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிது என்பதே என் கருத்து. ஜூலை முதல் நான்கு நாள்களில் அதே அரங்கில் பெரிய போட்டி நடப்பதால் அப்போது போனால் முன்னணி வீரர்களையும் பார்க்கலாம்; கூட்டத்துக்கும் கட்டணத்துக்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: டென்வரில் விமானம் மாற வேண்டும். மாலையில் வந்து இறங்கும் விமானம்தான் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். கோடைக்காலத்தில் டென்வர் வட்டாரத்தில் பிற்பகலில் இடிமழை வருவது வாடிக்கை. சில நாள் ஆலங்கட்டியும் விழும். கோடி விமான நிலையம் சிறியது, ஒரு விமானத்தை விட்டால் அடுத்தது உடனே கிடைக்காது. காலை விமானத்தில் போவது நல்லது. அல்லது ஏறத்தாழ நூறு மைல் வடக்கே உள்ள பில்லிங்ஸுக்குப் பறந்து அங்கிருந்து காரில் வரலாம். விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்காவிட்டால், கட்டணத்தைப் பணமாகவே திரும்பக் கேட்கும் உரிமை அமெரிக்க விதிப்படி உங்களுக்கு உண்டு. முகப்பில் இருப்பவர் நீட்டும் கூப்பனுக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

கேள்வி: போன முறை பயணத்தில் என் பெட்டி வரவே இல்லை. இம்முறை இந்தியாவிலிருந்து வரும் நண்பனுக்கு என்ன சொல்வது?

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி தாமதமாக வந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் இழப்பீட்டை எழுத்தில் கேட்க வேண்டும். இடையில் வாங்கிய உடைகளுக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்தட்டும். கோடி நகரம் ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலும் ரோடியோ முடியும் நேரத்தில் குளிரும். ஆகவே ஒரு ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: வாடகை காரை ஐவரும் மாற்றி மாற்றி ஓட்டலாமா?

ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்கள் மட்டும் ஓட்டலாம். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது மானோ கல்லோ மோதினால், காப்பீடு கைவிரித்துவிடக்கூடும். இன்னொருவர் பெயரைச் சேர்க்கும் கட்டணம் கசக்கத்தான் செய்யும், இருந்தாலும் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பகல் முழுவதும் பூங்காவில் சுற்றிவிட்டு அன்றிரவே ரோடியோவுக்கு வந்துவிட முடியுமா?

முடியும், ஆனால் வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். பூங்காவுக்குள் இருக்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடத்திலிருந்து பூங்காவின் கிழக்கு நுழைவாயில் 27 மைல், அங்கிருந்து கோடி 52 மைல். இடையில் எட்டாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் உயரமுள்ள சில்வன் கணவாயைக் கடக்க வேண்டும். பூங்காவுக்குள் வேக வரம்பும் மணிக்கு 45 மைல்தான். இதெல்லாம் கணக்கில் அடங்கும். கணக்கில் அடங்காதது காட்டெருமை. சாலையின் மஞ்சள் கோட்டின் மேலேயே ஒன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வரும். பின்னால் நாற்பது கார்கள் நிற்கும். ஒலிப்பான் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. படம் எடுக்க இறங்கி அருகே போகாதீர்கள், 25 கெஜம் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. ஃபிஷிங் பிரிட்ஜில் பெட்ரோல் போட்டுக்கொண்டு நாலரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வழியில் பெரும்பாலும் கைபேசிச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

கேள்வி: காணொளி ஒன்றில் குதிரை மேல் இருந்தவர் தேவையான எட்டு விநாடியும் விழாமல் இருந்தார், நடுவர்கள் மதிப்பெண்ணே தரவில்லை. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். வெறுங்கை குதிரையையோ தன் உடலையோ தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. மற்றொன்று பலருக்குக் கண்ணில் படாது. நம் வாடிவாசல் போன்ற அந்தக் குறுகிய கூண்டின் கதவு திறந்து, குதிரை முதல் பாய்ச்சலில் முன்கால்களை ஊன்றும்போது, வீரரின் இரு குதிகால்களும் அதன் தோள்பட்டைக்கு மேலே இருந்தாக வேண்டும். அது தவறினால் பிறகு எவ்வளவு அழகாகச் சவாரி செய்தாலும் பலனில்லை. எனவே கதவு திறந்ததும் முகத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். காளைச் சவாரிக்கு இந்தக் குதிகால் விதி கிடையாது. மொத்த மதிப்பெண் நூறு. அதில் பாதி விலங்கின் ஆட்டத்துக்கு. விலங்கு சோம்பி நின்றால் வீரருக்கு மறுவாய்ப்பு தருவதும் உண்டு.

கேள்வி: காளையின் உறுப்பைக் கட்டித்தான் துள்ள வைக்கிறார்கள் என்கிறார்களே?

அது உண்மையல்ல. பட்டை கட்டப்படுவது பின்னங்கால்களுக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றி. அந்த இறுக்கத்தை உதறவே விலங்கு பின்னங்கால்களை வீசுகிறது. அதற்காக ரோடியோவில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓடும் கன்றின் கழுத்தில் சுருக்குப் போட்டு, சட்டென்று நிறுத்தி, மூன்று கால்களைக் கட்டும் போட்டியை என்னால் இன்றும் ரசிக்க முடியவில்லை. விலங்கு நல அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் குழுவில் யாருக்காவது அது பிடிக்காதென்றால் அந்த நேரத்தில் வெளியே போய் வரட்டும்.

கேள்வி: வண்ண உடையில் காளை முன் ஓடுபவர்கள் கோமாளிகளா?

கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர் வேறு. இவர்களின் வேலை, விழுந்த வீரர் எழுந்து ஓடும்வரை காளையைத் தங்கள் பக்கம் இழுப்பது. 1987இல் காளைச் சவாரியில் உலக வாகையரான லேன் ஃபிராஸ்ட், 1989இல் செயெனில் சவாரியை முடித்து இறங்கிய பிறகே காளை முட்டி இறந்தார். காளைச் சவாரி வீரர்கள் இன்று மார்புக்கவசம் அணியும் வழக்கம் அதன் பிறகே பரவியது.

கேள்வி: நான் சைவம். நண்பர்கள் எதையும் சாப்பிடுவார்கள். உணவு எப்படி?

உங்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் சோளமும் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காமல் நகருக்குள்ளேயே சாப்பிட்டு வருவது நல்லது. நண்பர்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள்: அந்தப் பக்கத்து உணவுப் பட்டியல்களில் ‘ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர்’ என்று இருப்பது கடல் சிப்பி அன்று, காளையின் விரை. தெரிந்து சாப்பிடுபவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: மழை வந்தால்?

பொதுவாக நிறுத்த மாட்டார்கள். சேற்றில் குதிரைகள் வழுக்கும், உங்கள் காலணியும் பாழாகும். மழைச்சட்டை கொண்டுபோங்கள், குடையை விரித்தால் பின்வரிசைக்காரர் சண்டைக்கு வருவார்.