நாற்பதாயிரம் ரூபாய்க்கு லிட்டர் பாக்ஸ் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. வேளச்சேரியில் ஃப்ளாட்டில் இருக்கிறோம். இரண்டு பூனைகள். ஒன்று பெர்ஷியன், ஐந்து வயது, ஆண். இன்னொன்று தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டுப்பூனை, பெண், இரண்டு வயது. இரண்டுக்கும் பால்கனிக் கதவுப் பக்கம் ஒரே லிட்டர் பாக்ஸ்தான், அதில் போட்ட மண்ணில்தான் இரண்டும் மலஜலம் கழிக்கும். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருகிறோம், வந்த பிறகு அள்ளிப் போடுவேன். பகலில் மாமியார் மட்டும் இருக்கிறார், முழங்கால் வலி, குனிய முடியாது. கதவைத் திறந்தாலே நாற்றம். தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் லிட்டர் பாக்ஸ் ஒன்றை ஆன்லைனில் பார்த்தோம், 42,000 ரூபாய். கணவர் வாங்கிவிடலாம் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. வாங்கலாமா?
வாசகி, வேளச்சேரி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், அதற்குள் செய்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

இரண்டு பூனைக்கு ஒரே பாக்ஸ், அதுவும் ஒரு நாளைக்கு ஒரே தடவை அள்ளுவது என்றால் எந்த வீடாக இருந்தாலும் நாறத்தான் செய்யும். எத்தனை பூனையோ அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், அத்தனை பாக்ஸ் வேண்டும் என்பதுதான் பூனை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்களுக்கு மூன்று. மூன்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனைக்கு அது ஒரே பாக்ஸ் மாதிரிதான், அதனால் ஒன்று பால்கனிப் பக்கம், ஒன்று குளியலறைக்குப் பக்கத்தில், ஒன்று படுக்கையறை மூலையில் என்று பிரித்து வையுங்கள். கடையில் விற்கும் சின்ன ட்ரே பெர்ஷியனுக்குப் போதாது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி ஒரு பக்கம் வாசல் மாதிரி வெட்டிவிட்டால் போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை, இரவு வந்ததும் ஒரு தடவை அள்ளுங்கள். ஒரு பாக்ஸை மட்டும் பழைய டீப்பாய் மேல் ஏற்றி வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான பூனை அந்த உயரத்துக்குச் சுலபமாகத் தாவும், மாமியாருக்கும் இஷ்டம் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மத்தியானம் ஒரு தடவை அள்ளிவிடலாம்.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். 42,000 ரூபாய் மெஷின் ஐந்து வருஷம் ஓடினால் மாதம் 700 ரூபாய் ஆகிறது, பை, கார்பன் ஃபில்டர் எல்லாம் தனி. அது மிச்சப்படுத்தும் நேரம் எவ்வளவு? ஒரு தடவை அள்ள மூன்று நிமிஷம் என்று வைத்தால் தினம் ஆறு நிமிஷம், மாதம் மூன்று மணி நேரம். அதிலும் கழிவு வந்து கீழே சேரும் டிராயரைக் காலி செய்வது, மேலே சுழலும் டிரம்மைக் கழற்றிக் கழுவிக் காய வைப்பது எல்லாம் உங்கள் கையில்தான். 'தானாகச் சுத்தம்' என்று போட்டிருந்தாலும் அது சிறுநீர் பட்டு இறுகிய கட்டியைப் பிரித்து ஒதுக்குகிறதே தவிர, டிரம் சுவரில் ஒட்டிக் காய்ந்ததைத் தேய்ப்பது நீங்கள்தான்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் உங்கள் ஆண் பூனை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுடையதும் கடுவன்தான், அப்போது நாலு வயது. தினமும் காலையில் அள்ளும்போது எலுமிச்சம்பழ அளவில் இரண்டு சிறுநீர்க் கட்டி வரும், அது எனக்குக் கைப்பழக்கம், பார்க்காமலே கரண்டியின் கனத்தில் தெரிந்துவிடும். ஒரு நாள் காலை அந்த இரண்டும் இல்லை. கிளறிக் கிளறிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவில் நாலைந்து துணுக்குதான் கிடைத்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே அவன் வந்து பாக்ஸில் ஏறி உட்கார்ந்தான், வால் லேசாக நடுங்கியது, ஒன்றும் வரவில்லை, இறங்கிப் போய் அடிவயிற்றை நக்கினான், திரும்ப வந்து உட்கார்ந்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர்க் குழாயில் அடைப்பு. ட்யூப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். ஆண் பூனைகளுக்குக் குழாய் குறுகல் என்பதால் இது அவைகளுக்கே அதிகம் வரும், முழுவதுமாக அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடலாம். அன்றைக்கு அந்தக் கட்டிகள் ஒரு மெஷினின் டிராயருக்குள், முந்தின நாலு நாள் கட்டிகளோடு கலந்து கிடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

உங்களுடையது பெர்ஷியன் வேறு. அந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு, சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், பாக்ஸில் அள்ளும் சிறுநீர்க் கட்டிகளும் பெரிதாகிக்கொண்டே வரும். சர்க்கரை நோய்க்கும் அதே அறிகுறிதான். அதை முதலில் காட்டுவது அந்தப் பூந்திக் கரண்டி மாதிரி ஓட்டை போட்ட கரண்டிதான். மெஷினோடு வரும் ஆப் எத்தனை தடவை போனது, எடை எவ்வளவு என்று காட்டும், நல்ல விஷயம்தான், ஆனால் போன பூனைக்குச் சிறுநீர் வந்ததா இல்லையா என்று எல்லா மாடலும் சொல்லாது. அப்புறம், எடையை வைத்துத்தான் எந்தப் பூனை என்று கண்டுபிடிக்கும் என்றால், இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையில் இருந்தால் குழப்பிவிடும்.

மூன்று பாக்ஸ், இரண்டு வேளை, மூன்று மாதம். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் எழுதுங்கள், மெஷின் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எனக்கு 66 வயது, தனியாக இருக்கிறேன், மூன்று பூனைகள். போன வருஷம் முதுகுத்தண்டில் ஆபரேஷன், குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு வரும் பெண் பூனை மலம் அள்ள மாட்டேன் என்கிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மகன் வெளிநாட்டில் இருந்து ஒரு ஆட்டோமேட்டிக் பாக்ஸ் அனுப்புகிறேன் என்கிறான். சரி சொல்லலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. உங்களைப் போன்றவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. மூன்று பூனைகளையும் யாருக்காவது கொடுத்துவிடாமல் கூடவே வைத்துக்கொள்ள இது ஒரு வழி. எதை அனுப்புவது என்பதில் மட்டும் மகன் கவனமாக இருக்கட்டும்.

மூன்று விதம் உண்டு. சீப்பு மாதிரி ஒன்று மணலை வாரிக்கொண்டு போய் ஒரு பக்கம் தள்ளுவது ஒரு வகை, விலை குறைவு, ஆனால் ஈரக் கட்டி சீப்பில் ஒட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயிலும் கழிவுக் குழாயிலும் இணைத்துக் கழுவிக் காய வைப்பது இன்னொன்று, பிளம்பர் வேலை வேண்டும். உருண்டையாகச் சுழலும் டிரம் வகைதான் உங்களுக்குச் சரி. பூனை வெளியே வந்ததும், கட்டி இறுகுவதற்காகச் சில நிமிஷம், ஏழு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காத்திருந்து, டிரம் மெதுவாகச் சுற்றும், நல்ல மணல் சல்லடை வழியாக விழுந்துவிடும், கட்டி மட்டும் கீழே இருக்கும் டிராயரில் பைக்குள் போய்ச் சேரும். அந்த டிராயர் முன்பக்கமாக இழுக்கும்படி இருக்க வேண்டும். மெஷினையே கெட்டியான, ஆடாத மேடை மேல் வைத்து முன்னால் ஒரு படி போட்டுவிட்டால் நீங்கள் குனியவே வேண்டாம்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். எடை சென்சார், வாசலில் அசைவைப் பார்க்கும் சென்சார், ஏதாவது இடையில் சிக்கினால் மோட்டாரை நிறுத்தும் சென்சார் மூன்றும் இருக்கட்டும். டிரம்மின் வாசல் வெளிக்கூட்டுக்குள் கத்தரிக்கோல் மாதிரி மூடிக்கொள்ளும் மலிவு மாடல்களில் பூனைகள் கழுத்து மாட்டி இறந்த செய்திகள் வெளிநாடுகளில் வந்திருக்கின்றன, அந்த அமைப்பே வேண்டாம். வந்ததும் பூனைகளை வேறு அறையில் அடைத்துவிட்டு, ஒரு துண்டைக் கெட்டியாகச் சுருட்டி, டிரம் சுற்றும்போது வாசலில் வைத்துப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு மெஷின் என்பதால் இரண்டு விஷயம். அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துவருமா, மோட்டார் போனால் இங்கே யார் பார்ப்பார்கள் என்று வாங்கும் முன்னாலேயே கேட்கச் சொல்லுங்கள். உதிரி பாகம் கிடைக்காத மெஷின் ஒரு வருஷத்தில் மூலையில் கிடக்கும். இங்கேயே சர்வீஸ் உள்ள ஒன்று கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் அதிகம் இழுக்காது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் போட்டுவிடுங்கள், மின்வெட்டில் டிரம் பாதியில் சாய்ந்து நிற்காது.

பழைய பாக்ஸ்களை உடனே எடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் மெஷினை ஆஃப் செய்தே வைத்து, பழைய பாக்ஸிலிருந்து இரண்டு கரண்டி மணல் அதில் போட்டு வையுங்கள், வாசனை பிடித்து அதுவே ஏறும். அப்புறம் பூனை பக்கத்தில் இல்லாதபோது நீங்களே பட்டனை அழுத்தி ஓட்டுங்கள். சத்தம் பழகிய பிறகுதான் ஆட்டோமேட்டிக். பூனை உள்ளே இருக்கும்போது ஒரு தடவை பயந்துவிட்டால் அந்தப் பாக்ஸ் பக்கமே போகாமல் மெத்தையில் போக ஆரம்பித்துவிடும், அதைத் திருப்புவது பெரிய பாடு. மூன்றும் பழகின பிறகும் ஒரு சாதா பாக்ஸ் வீட்டில் இருக்கட்டும், அதை வாரம் முழுக்க யாராவது பார்த்துக்கொள்ள வழி செய்யுங்கள். மூன்று பூனை என்றால் இரண்டு மூன்று நாளிலேயே டிராயர் நிரம்பிவிடும், ஆனாலும் தினம் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுங்கள், கட்டிகள் வழக்கம்போல இருக்கின்றனவா என்று.

கேள்வி: மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை எடுத்து வந்தோம், இரண்டு மாதம் இருக்கும் என்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்குப் பழக்கிவிட்டால் நல்லதுதானே?
வாசகி, திருச்சி

பதில்: கூடாது. குட்டியின் எடை ஒரு கிலோகூட இருக்காது, உள்ளே ஒன்று இருக்கிறது என்பதே பல மெஷின்களின் சென்சாருக்குத் தெரியாது. ஒன்றரை கிலோவாவது இருக்க வேண்டும், சிலவற்றில் இரண்டு கிலோவுக்கு மேல் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். இப்போதைக்கு விளிம்பு தாழ்வான ட்ரே போதும். அதில் போடும் மண்ணைத்தான் லிட்டர் என்கிறோம், ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் என்ற களிமண் லிட்டர் இப்போது வேண்டாம், இந்த வயதில் குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், அந்த மண் வயிற்றுக்குள் போய் வீங்கும். கட்டியாகாத லிட்டர் போடுங்கள். கிழிந்த செய்தித்தாள்கூடச் சரிதான்.

கேள்வி: மருமகள் மூன்று மாத கர்ப்பம். பூனையால் குழந்தைக்கு ஆபத்து, கொண்டு போய் விட்டுவிடு என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவளுக்கு அந்தப் பூனை என்றால் உயிர். ஆட்டோமேட்டிக் பாக்ஸ் வாங்கினால் பிரச்சினை தீருமா?
வாசகி, மதுரை

பதில்: முதலில், பூனையை எங்கேயும் கொண்டு போய் விடாதீர்கள். அவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. பயம் பொய்யில்லை, கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம். ஆனால் பூனை அந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றுவது பெரும்பாலும் அதற்கு முதல் தடவை தொற்று வந்த ஒன்றிரண்டு வாரங்களுக்குத்தான். வீட்டுக்குள்ளேயே இருந்து, எலி பிடிக்காமல், பச்சைக்கறி தின்னாமல் வளரும் பூனைக்கு அந்தத் தொற்று வரும் வாய்ப்பே குறைவு. சரியாக வேகாத கறி, கழுவாத கீரை காய், கையுறை இல்லாமல் செடிக்கு மண் கிளறுவது, இவற்றாலும் மருமகளுக்கு வரலாம். அதையும் பாருங்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிருமி மலத்தோடு வெளியே வந்ததும் உடனே தொற்றாது, ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினம் தினம் அள்ளிவிடச் சொல்வது அதனால்தான். மெஷினோ நாலைந்து நாள் மலத்தை டிராயரிலேயே சேர்த்து வைக்கிறது, அதாவது டிராயரைத் திறக்கும் நாளில் அது தொற்றும் நிலைக்கு வந்திருக்கும். அந்த டிராயரை மருமகள் காலி செய்தால் கையால் அள்ளுவதைவிட மோசம். அதனால் மெஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குழந்தை பிறக்கும் வரை பாக்ஸ் வேலையை உங்கள் மகன் எடுத்துக்கொள்ளட்டும், தினமும் அள்ளி, கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். அதற்கு நாற்பதாயிரம் தேவையில்லை. மருமகளுக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும், மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பூனை அவள் மடியில் படுத்துக்கொள்வதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: மெஷின் வாங்கிவிட்டோம். வீடு கட்டிய மணல் மொட்டை மாடியில் மிச்சம் கிடக்கிறது, அதையே சலித்துப் போடலாமா? கட்டியைக் கழிப்பறையில் கொட்டலாமா?
வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் வேண்டாம். வீடு கட்டும் மணல் கட்டியாகாது, சிறுநீர் அப்படியே அடியில் இறங்கி நிற்கும், மெஷின் அதைப் பிரிக்க முடியாமல் ஈர மணலையே சுற்றிக்கொண்டிருக்கும், எடை தாங்காமல் மோட்டாரும் போகும். இந்த மெஷின்கள் கட்டியாகும் லிட்டருக்காகவே செய்தவை. இங்கே கிடைப்பதில் பென்டோனைட் நன்றாக இறுகும். நம் நாட்டில் அந்தக் களிமண் அதிகம் வருவது குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து. டோஃபு லிட்டரும் போடலாம், தூசி குறைவு, ஆனால் அது சோயாச் சக்கை, ஐப்பசி கார்த்திகை மழையில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள்.

தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதுவதுதான் பென்டோனைட்டின் குணம், கழிப்பறைக் குழாயிலும் அதையேதான் செய்யும். பையைக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.