ஸ்லோ குக்கரில் கறிக்குழம்பு: நடுவில் கரண்ட் போனால்?

திருமங்கலத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்கிறார்: "மகன் அமெரிக்காவிலிருந்து ஸ்லோ குக்கர் கொண்டுவந்தான். காலை 8 மணிக்கு ஆட்டுக்கறியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனால் மாலைக்குள் வெந்துவிடுமா? நடுவில் கரண்ட் போனால் கெட்டுவிடுமா?"

ஸ்லோ குக்கர் என்பது மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம். 'லோ'வில் (குறைந்த சூட்டில்) 8 மணி நேரம் போதும், வெந்துவிடும். ஃபிரீசர் கறியை உறைந்தபடியே போடாதீர்கள்.

ஆனால் முதலில் குக்கரைத் திருப்பி அடியில் பாருங்கள். 120 வோல்ட் என்றுதான் இருக்கும். நம் வீட்டில் வருவது 230. நேரே செருகினால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடேறிக் கருகிவிடும். கடையில் "கன்வெர்ட்டர்" என்று கையடக்கமாக ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். வாங்காதீர்கள். அவற்றில் பல, பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றுபவை. உங்களுக்கு வேண்டியது 230 வோல்ட்டை 120 ஆகக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். குக்கர் 250 வாட் என்றால் 500 விஏ (அது தாங்கும் சுமையின் அளவு) வாங்குங்கள். தூக்கினால் நன்றாகக் கனக்க வேண்டும். காப்பர் என்று சொல்லி உள்ளே அலுமினியக் கம்பி சுற்றியதை விற்பவர்களும் உண்டு, இதையெல்லாம் சோதிக்க ஆளே இல்லை. 'காப்பர், 500 விஏ' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சரி, மின்தடை. மூடி திறக்காமல் இருந்தால் அரை மணி நேரம் போவதால் ஒன்றும் ஆகாது. 2 மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் கொட்டிவிடுங்கள். திரும்பக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சிலவகை கொதித்தாலும் போகாது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டாலும் கொட்டத்தான் வேண்டும். திருகுகிற மாடல் கரண்ட் வந்ததும் தானே ஓடும், போனதே உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துகிற நாளில் குக்கரைத் தொடாதீர்கள். அந்த அறிவிப்பும் வேலைக்குக் கிளம்பிய பிறகு கண்ணில் பட்டால் யாருக்கு லாபம்?

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். 250 வாட்டை அது தாங்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் சமையலறை பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. இருந்தாலும், ஸ்கொயர் வேவ் என்கிற மலிவான வகை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் இரைந்து சூடேறும். லைன் கரண்ட் போலவே தருகிற சைன் வேவ் வகை என்றால் மட்டும் பரவாயில்லை. அதிலும் பேட்டரி பழசாக இருந்தால் வெகுநேரம் நிற்காது.

அதைவிட இரவு 9 மணிக்கு வைத்துவிடுங்கள், வீட்டில்தானே இருப்பீர்கள். காலை 5 மணிக்கு வெந்திருக்கும். அகலமான சின்னப் பாத்திரங்களில் மாற்றி, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலையில் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம்.