ஸ்கேனில் இரண்டு பித்தப்பை: கல் இருப்பதை மட்டும் எடுத்தால் போதாதா?

அம்மாவுக்கு அடிக்கடி வலி, ஸ்கேனில் இரண்டு பித்தப்பை, ஒன்றில் மட்டும் கல். அதை எடுத்துவிட்டு நல்லதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அறுவை சிகிச்சை மருத்துவர். ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டால் இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துவிடச் சொல்வேன். விட்டுவைத்த பையில் பின்னாளில் கல் சேர்ந்து மறுபடி ஆபரேஷன் மேஜைக்கு வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே கை வைத்து எல்லாம் ஒட்டிப்போன இடத்தில் வேலை செய்வது எங்களுக்கே பிடிக்காத காரியம்.

ஆனால் முதலில் அது இரண்டு பைதானா என்று உறுதி செய்யுங்கள். ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும். 1926-இல் பாய்டன் என்ற உடற்கூறியல் நிபுணர் சொன்ன கணக்கு, இன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மடங்கிக் கிடக்கும் பித்தப்பையும், நடுவில் சவ்வு ஓடும் பையும் அல்ட்ராசவுண்டில் இரண்டு போலவே தெரியும். எம்.ஆர்.சி.பி. ஸ்கேன், அதாவது பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ., எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். பித்தநீரே வெள்ளையாகத் தெரியும் என்பதால் பொதுவாக ஊசி மருந்து தேவைப்படாது. சில மணி நேரம் வெறும் வயிறு, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் நாங்கள் தேடுவது குழாய்களை. இரண்டு பைகளின் குழாய்களும் கவட்டை மாதிரி ஒன்றுசேர்ந்து, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் இறங்கலாம், தனித்தனியாகவும் இறங்கலாம். அபூர்வமாக ஒன்று கல்லீரலிலிருந்து வரும் குழாயிலேயே போய்ச் சேரும். வழக்கமான ஆபரேஷனில், பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், வேறெதுவும் இல்லை என்று மானிட்டரில் முழுதாகப் பார்த்த பிறகே கிளிப் போடுவோம். இங்கே அந்தக் கணக்கு உதவாது. கூடுதலாகத் தெரியும் குழாய் இரண்டாவது பையினுடையதா, பொதுப் பித்தக்குழாயா? தெரியாமல் பொதுக்குழாயை வெட்டினால் பித்தக்கசிவு, மஞ்சள் காமாலை, அப்புறம் குடலோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன். அதனால்தான் சந்தேகம் வந்தால் மேஜையிலேயே குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறோம்.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அமைப்பு பிடிபடாவிட்டால் வயிற்றைத் திறக்கலாம் என்றும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள், தயங்காமல் போடுங்கள்.

வலியே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இது தெரிந்திருந்தால், இரண்டு பை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் வேண்டாம் என்றிருப்பேன். உங்கள் அம்மா விஷயம் அப்படியல்ல.

எடுத்த பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் இரண்டு பித்தப்பை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.